வடிவான கம்பஸ் என்பதும் ஒரு காரணமா?

கேள்வி (கோண்டாவிலில் இருந்து ஒரு தகப்பன்):
மகள் உயிரியல் பிரிவு. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புகிறாள். வீட்டில் இருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய யாழ்ப்பாணத்தைக் கீழே தள்ளிவிட்டுப் பேராதனையை மேலே போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் "அப்பா, அது வடிவான கம்பஸ்" என்கிறாள். படிக்கப் போகிறவளுக்கு மலையும் ஆறும் எதற்கு? இதெல்லாம் ஒரு காரணமா? இரண்டு இடமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஜூன் 9, இரவு

காரணம்தான் அண்ணை. காணி வாங்கப் போனால் கிணற்றுத் தண்ணி நல்லதா சவரா, அயல் எப்படி, மாரிக்கு வெள்ளம் நிற்குமா என்று ஆயிரம் பார்க்கிறோம். இருபது வயதுப் பிள்ளை நாலைந்து வருசம் இருக்கப்போகிற இடத்தைப் பார்த்தால் மட்டும் எங்களுக்குக் கோபம் வருகிறது.

நான் படித்தது யாழ்ப்பாணத்தில், கலைப்பீடம். 2002இல் ஏ9 பாதை திறந்த காலத்து ஆள். ஊர் கரவெட்டி என்பதால் கலட்டிச் சந்திக்குக் கிட்ட அறை எடுத்து இருந்தேன். அதே காலத்தில் என் மச்சாள் பேராதனையில். பாதை திறந்த புளுகத்தில் அவளிடம் அடிக்கடி போவேன். ஏ9 கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற றோட்டு. அந்தத் தலைப்பில் அவள், இந்தத் தலைப்பில் நான்.

பேராதனையின் வடிவு தானாக வந்ததில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது, ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தர். பேராதனைக்கு மாறியது 1952இல். இடையில் இருந்து யோசித்து வரைந்திருக்கிறார்கள். வளாகத்தின் திட்டம் பற்றிக் அபர்குரொம்பியும் கிளிஃபோர்ட் ஹொலிடேயும் போட்டது. கட்டடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷேர்லி டி அல்விஸ். மேலே ஹந்தானை மலை, கீழே மகாவலி, நடுவில் கலஹா வீதி. கட்டடங்கள் சரிவோடு சரிவாக இருக்கும், மலையை மறைக்காது. செனற் கட்டடத்தின் கீழ்த்தளம் திறந்த தூண் மண்டபம், பழைய கண்டி அரச மண்டபத்தின் சாயல். அதற்குள்ளால் நடந்து மற்றப் பக்கம் வெளிப்பட்டால் திரும்பவும் மரம், புல், மலை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அங்கே முதல் அதிசயம் மலைகூட இல்லை, நிலம் தட்டையாக இல்லை என்பதுதான். எங்களுக்கு ஏற்றம் என்றால் றோட்டில் போட்ட வேகத்தடை.

ஜூன் 9, பின்னிரவு

ஒன்று விட்டுப்போச்சு. எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்பதை வடிவு தீர்மானிக்கப் போவதில்லை, உயர்தரச் சோதனையில் எடுக்கிற இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். கலை போன்ற சில துறைகள் தவிர மற்றவற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. புள்ளி இரண்டு இடத்துக்கும் காணும் என்றால்தான் படிவத்தில் எதை மேலே போட்டாள் என்பது வேலை செய்யும். எந்தப் படிப்பைக் கேட்கிறாள் என்று அண்ணை எழுதவில்லை. அதைச் சொல்லுங்கோ, மிச்சம் கதைப்போம்.

ஜூன் 10, காலை

"யாழ் கம்பஸில் பார்க்க என்ன கிடக்கு, ஒரு மதிலும் நாலு மாடிக் கட்டடமும்" என்று ஒருவர். "1974இல் வெறுங்காணியில் கட்டினது, அதுதான் வடிவில்லை" என்று இன்னொருவர். வெறுங்காணி இல்லை ஐயா. அது பரமேஸ்வராக் கல்லூரி வளவு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடக்கிய பள்ளிக்கூடம். 1974இல் அந்த வளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் வந்தது. ஒக்ரோபரில் பிரதமர் சிறிமாவோ வந்து திறந்துவைத்தார். முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. விஞ்ஞானம் முதலில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரிப் பக்கம் நடந்து பிறகு திருநெல்வேலிக்கு வந்தது. தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1979 ஜனவரியில், வித்தியானந்தன் முதல் துணைவேந்தர்.

வித்தியாசம் இங்கேதான் கிடக்கிறது. அது பல்கலைக்கழகத்துக்காக வரைந்த ஊர். இது ஒரு ஊருக்குள் இருந்த பள்ளிக்கூட வளவு, பீடங்கள் ஒவ்வொன்றாக வந்து நெருக்கிக்கொண்டு இருந்தன. அகலிக்க இடம் இல்லாதபோது மேலேதான் போகவேண்டும். அதை வைத்துக்கொண்டு பேராதனையோடு அழகுப் போட்டி வைப்பது நியாயமில்லை.

ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பங்குனி, சித்திரை வெயிலில் இராமநாதன் வீதியால் சைக்கிள் உழக்கி வந்து வாசலுக்குள் நுழைந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நிழல். இந்த ஊரில் அழகு என்று நான் சொல்வது அதைத்தான். ஆறும் மலையும் இல்லாத சுண்ணாம்புக்கல் நிலம், வருசத்தில் பெரும்பாகம் மழையே இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டுவதோடு சரி. இங்கே ஒரு நல்ல வேம்பு நிற்கிறது என்றால் யாரோ அதற்கு வாளியால் தண்ணி ஊற்றி வளர்த்திருக்கிறார்கள்.

வேம்பைச் சுற்றிக் கட்டின சீமெந்துக் கட்டு இருக்கிறதே, அதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வேர் தள்ளித் தள்ளி ஒரு பக்கம் வெடித்திருக்கும். இருக்கிற இடம் மட்டும் பெடியளின் காற்சட்டை தேய்த்து மினுங்கும். வெடிப்புக்குள் வேப்பம்பழக் கொட்டை, பஸ் ரிக்கற், யாரோ செருகிவிட்ட பேனை மூடி. வெயில் சுற்றச் சுற்ற இருக்கிற ஆட்களும் மரத்தைச் சுற்றி நகர்வார்கள். நேரம் பார்க்க மணிக்கூடே தேவையில்லை, எந்த பட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். என் விரிவுரைக் குறிப்பில் பாதி அங்கே இருந்து பார்த்து எழுதினதுதான்.

ஜூன் 10, மதியம்

சிரிப்புக்கு: பலாலி வீதி மினிபஸ்ஸில் கொண்டக்டர் பெடியன் "கம்பஸ், கம்பஸ்" என்று கத்தும்போது பரமேஸ்வராச் சந்தியில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிற அம்மாமார். இந்தப் பெருமை பேராதனைக்கு உண்டா?

ஜூன் 11, இரவு

மச்சாளுக்கு இதை அனுப்பினேன். நீளமாகக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள், பாதி திட்டு. சுருக்கம்:

"நீ விடுமுறைக்கு வந்து பார்த்த பேராதனை வேறை. நான் இருந்த பேராதனை வேறை. மழை தொடங்கினால் உடுப்புக் காயாது. கொப்பி மட்டை பூஞ்சணம் பிடிக்கும். எட்டு மணி லெக்சருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட வேணும். முதல் வருசம் எனக்குச் சிங்களமும் வராது, இங்கிலிசும் வராது. மலையைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன். வடிவான இடத்தில் அழுதால் கொஞ்சம் குறைவாக அழலாம், அவ்வளவுதான்."

அவளுக்குப் பிடித்த இடம் ஆற்றங்கரையும் இல்லை, லவ்வர்ஸ் லேனும் இல்லை. குறிஞ்சிக் குமரன் கோயில். தமிழ் மாணவர்கள் சேர்ந்து எழுப்பின முருகன். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அங்கே போனால்தான் பெயர் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளை ஒன்றாகக் காணலாம், பொங்கலும் கிடைக்கும். ஹந்தானைச் சரிவில் முருகன் என்றால் குறிஞ்சி சரியாகத்தானே பொருந்துகிறது.

எங்களுக்கும் வளவுக்குள்ளேயே பரமேஸ்வரன் கோயில். மத்தியானப் பூசை மணி அடித்தால் விரிவுரை முடியப் போகிறது என்று கொப்பியை மூடுவோம். சோதனைக் காலத்தில் அங்கே சனம் கூடும். இதில் இரண்டு கம்பஸும் ஒன்றுதான்.

ஜூன் 12, அதிகாலை

நித்திரை வரவில்லை. மகள் சொன்னதைத் திரும்ப யோசித்தேன்.

அண்ணை, கோண்டாவிலில் இருந்து யாழ் கம்பஸுக்குச் சைக்கிளில் பத்து, பதினைந்து நிமிசம். அவளுக்கு அது பள்ளிக்கூடத்தின் நீட்டல். அதே றோட்டு, அதே சந்தி, எதிரே வருகிற ஆளில் பாதி அப்பாவுக்குத் தெரிந்த ஆட்கள். வீட்டை விட்டு ஒருக்கால் வெளியே இருந்து பார்க்கவேண்டும் என்று நேரே சொன்னால் வீட்டில் பூகம்பம். மலை வடிவு, ஆறு வடிவு என்றால் சண்டை வராது. எனக்கும் அந்த வயதில் அந்த ஆசை இருந்தது. கரவெட்டியில் இருந்து கலட்டிக்கு வந்ததே எனக்கு வெளிநாடு. பின்னேரம் அறைக்குத் திரும்பும்போது எந்த ஒழுங்கையால் போகலாம் என்று நானே முடிவு எடுப்பேன், அதில் ஒரு சுகம்.

ஆகவே அவளிடம் வடிவைப் பற்றி விவாதிக்கவேண்டாம். எவ்வளவு தூரம் போக விருப்பம் என்று கேட்டுப் பாருங்கோ.

இதற்கு மற்றப் பக்கமும் உண்டு. தெற்கில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிற சிங்களப் பிள்ளைகள் இப்போது கனபேர். அவர்களுக்கு எங்கள் பனையும் செம்பாட்டு மண்ணும் கிணறும்தான் புதினம். கம்பஸுக்கு வெளியே ஒரு பிளேன்ரீக் கடையில் மாத்தறைப் பெடியன் ஒருவன், இங்கே வானம் பெரிது என்று உடைந்த தமிழில் சொன்னான். மலை இல்லாததை ஒருவர் நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஜூன் 14, மதியம்

"வடிவாம் வடிவு. 83ஐ மறந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. 1983 மே மாதம், ஜூலைக்கு முன்னமே, பேராதனையில் தமிழ் மாணவர்களை அடித்துத் துரத்தினார்கள். 1989இல் அதே வளாகத்தின் அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டின தலைகளை வைத்தார்கள். வடிவாக வரைந்தவரின் பெயரில் இருக்கிற குளம் அது.

இந்தப் பக்கம் மட்டும் என்ன? 1987 ஒக்ரோபர் இரவில் இந்தியப் படை ஹெலியில் இறங்கினது யாழ் கம்பஸ் மைதானத்தில். இறங்கினவர்களில் கனபேர் அங்கேயே செத்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே வெளிக்கிட்டபோது கம்பஸும் வெறுமையானது. 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள், அதே ஏப்ரலில் அது திரும்ப எழும்பி நின்றது.

இவ்வளவும் நடந்த வளவுகளில்தான் பிள்ளைகள் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டு, காதலித்து, சோதனைக்கு இரவிரவாகப் படித்தார்கள். அதற்காக அந்த மரங்களை வடிவு என்று சொல்லக்கூடாதா? நான் சொல்லுவேன். தெரிந்துகொண்டு சொல்லுவேன்.

ஜூன் 15

அறிவியல் நகரில் இருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார்: யாழ் கம்பஸ் என்றால் எல்லாரும் திருநெல்வேலியை மட்டும் கதைக்கிறீர்கள், கிளிநொச்சியில் நாங்களும் இருக்கிறோம் என்று. சரியான கோபம். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் எல்லாம் அங்கேதான். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, பரந்த காணி. நிழலுக்குத்தான் பஞ்சம். தம்பி சொல்கிறார், சோழகக் காற்றுக் காலத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் நடந்தால் பல்லுக்குள் மண் கடிபடுமாம்.

தம்பி, நீங்கள் இருப்பது பேராதனையின் 1952 போல. காணி இருக்கிறது, மரம் இன்னும் வளரவில்லை. விவசாய பீடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிழல் இல்லை என்றால் உலகம் சிரிக்கும், நடுங்கோ.

ஜூன் 15, சற்றுப் பிறகு

1952 என்றதும் ஞாபகம் வந்தது. பேராதனையை முறைப்படி திறக்க 1954இல் எடின்பரோ கோமகன் வந்தார், எலிசபெத் அரசியோடு வந்தபோது. பல்கலைக்கழகம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதே, எதைத் திறப்பது? வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவித்துவிட்டுப் போனாராம்.  பகிஷ்கரிப்பும் பணிப்புறக்கணிப்புமாக இழுபட்டுப் பட்டம் வாங்கின எங்களுக்குத் தெரியும், இலங்கையில் எந்தக் கம்பஸும் வழமையைவிடக் கூடுதலாக மூடித்தான் இருக்கும்.

ஜூன் 17, இரவு

ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டது, எல்லாருக்குமாக எழுதுகிறேன். வடிவைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள் அக்கா, அந்த வடிவில் ஒரு பெட்டை எத்தனை மணி வரை இருக்கலாம்?

நல்ல கேள்வி. இதை முதல் நாளே நான் எழுதியிருக்கவேண்டும். நான் படித்த காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அந்த வேம்படி பெடியளின் வேம்படி. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும். இருட்டுகிற நேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவோம். கைலாசபதி கலையரங்கில் நாடகமோ கூட்டமோ இருந்தால் மட்டும் விலக்கு. அதனால்தான் நாடகம் எப்படி இருந்தாலும் நாங்கள் கடைசி வரை இருந்து பார்த்தோம். முடிந்து வெளியே வந்தால் லைற் வெளிச்சத்தில் எல்லாரும் வட்டம் போட்டு நின்று கதைப்பார்கள். அந்த அரை மணித்தியாலம் எனக்கு ஹந்தானை மலையைவிடப் பெறுமதி.

பேராதனையில் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் இரவு நூலகத்தில் இருந்து கூட்டமாக நடந்து வருவார்கள், மச்சாளோடு நானும் வந்திருக்கிறேன். தங்கச்சி, இரண்டு இடத்தையும் பகலில் பார்க்காமல் பின்னேரம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கோ. எத்தனை பெண் பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள் என்று எண்ணுங்கோ. அதை எந்தப் படத்திலும் காணமாட்டீர்கள்.

பகிடிவதை (ராகிங்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவன் ஒருவர் பகிடிவதையால் செத்தபிறகுதான் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அது முழுதாக ஒழியவில்லை. முதல் சில மாதம் எந்த மரமும் வடிவாகத் தெரியாது, சீனியர் எந்தப் பக்கத்தால் வருகிறார் என்பதுதான் தெரியும். தகப்பன்மார் பயப்பட வேண்டியது மலைக்கும் ஆற்றுக்கும் இல்லை, இதற்கு.

ஜூன் 20, பின்னேரம்

இன்றைக்கு மருதனார்மடம் பக்கம் அலுவல். இராமநாதன் பெயரில் இருக்கிற நுண்கலைப் பீடத்தின் வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே யாரோ மிருதங்கத்தில் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், ஒரு இடத்தில் தவறுகிறது, நிறுத்தி முதலில் இருந்து. வேறு அறையில் ஜதி. காங்கேசன்துறை வீதியால் போகிற லொறி இரைச்சல் எல்லாவற்றையும் ஒருக்கால் விழுங்கிவிட்டுப் போகும், பிறகு மிருதங்கம் விட்ட இடத்தில் இருந்து கேட்கும். வாசலில் ஒரு பிள்ளை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்ப்பனைக் கடித்தபடி, கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இதையும் கம்பஸின் வடிவில் சேர்த்துக்கொள்ளுங்கோ. காதால் வருகிற வடிவு.

இராமநாதன் என்றதும் இன்னொன்று. யாழ் கம்பஸின் வளவு அவர் தொடக்கினது, முன்னால் ஓடுகிற றோட்டுக்கும் அவர் பெயர். பேராதனையில் ஒரு விடுதிக்கும் அவர் பெயர், அவரின் தம்பி அருணாசலத்துக்கு இன்னொரு விடுதி. மகள் எங்கே போனாலும் இராமநாதனிடம் இருந்து தப்ப முடியாது அண்ணை.

ஜூன் 22, இரவு

அண்ணை கடைசியாக வந்து பதில் போட்டிருக்கிறார். பார்த்தீர்களா? மகள் முதலாவதாகக் கேட்டிருப்பது மிருக வைத்தியமாம்! வீட்டில் ஆடும் மாடும் பார்த்து வளர்ந்த பிள்ளையாம். இலங்கையில் மிருக வைத்திய பீடம் இருப்பதே பேராதனையில் மட்டும்தான். எவ்வளவு எழுதினோம்! ஜெனிங்ஸ், அல்விஸ், வேப்பமரம், கோமகன். அண்ணை இந்த ஒரு வரியை ஜூன் 9இல் எழுதியிருந்தால் நான் நேரத்துக்குப் படுத்திருப்பேன்.

பிள்ளை அப்பாவிடம் ஏன் மிருக வைத்தியம் என்று சொல்லாமல் வடிவு என்று சொன்னாள் என்பதை அண்ணை வீட்டில் மெதுவாக விசாரிக்கட்டும். டொக்டர் என்றால் மனுச டொக்டர்தான் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, மூன்றாவது தெரிவுகளையும் கவனமாகப் போடச் சொல்லுங்கோ, அங்கே யாழ்ப்பாணத்துக்கு இடம் இருக்கட்டும்.

ஜூன் 23, காலை

எப்படிப் போவது என்று கேட்டதற்கு: பஸ் என்றால் ஏ9 வழியே வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. ரயில் என்றால் யாழ்ப்பாணத்தில் ஏறிப் பொல்காவலையில் இறங்கிக் கண்டிப் பக்கம் போகிற வண்டிக்கு மாறவேண்டும். மெதுவாகப் போகிற வண்டி கிடைத்தால் சரசவி உயன நிலையத்தில் இறங்கலாம், வளாகத்துக்குப் பக்கம்.

மழைக்கு ஒரு நல்ல குடை, ஒரு கம்பளிச் சுவெற்றர், கொடியில் காயாத உடுப்புக்கு மாற்று. ஹந்தானை ஏறுகிற ஆசை வந்தால் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு ஏறச் சொல்லுங்கோ, உப்பும் கையில் இருக்கட்டும். அட்டை யாழ்ப்பாணத்து இரத்தமா கண்டி இரத்தமா என்று பார்க்காது.